கடல் தொட்டி கேள்வி பதில்: தண்ணி போகும், உப்பு போகாது

கேள்வி: அண்ணே, நாங்க டர்பன் சாட்ஸ்வர்த்ல இருக்கோம். 60 லிட்டர்ல சின்னதா ஒரு ரீஃப் டேங்க் (பவளம் வளர்க்கற கடல் தொட்டி) வச்சு மூணு மாசம் ஆகுது. ஒரு ஜோடி க்ளவுன் ஃபிஷ், கொஞ்சம் ஸோவாந்திட் (பட்டன் மாதிரி கூட்டமா வளர்ற பவள வகை), ஒரு மஷ்ரூம் பவளம் அவ்வளவுதான். தண்ணி வத்த வத்த உப்பு கலந்து வச்ச தண்ணிய ஊத்தி நிரப்பிட்டு வர்றேன். இப்ப ஒரு வாரமா பவளம் விரியவே மாட்டேங்குது, சுருங்கியே கிடக்கு. கடைல கேட்டா கால்சியம் பாட்டில் ஒண்ணு, கேஹெச் (தண்ணியோட காரத்தன்மை) பாட்டில் ஒண்ணு வாங்கி ஊத்தச் சொல்றாங்க. வாங்கலாமா?

பதில்: வேணாம்மா, எந்தப் பாட்டிலும் இப்ப வாங்காதீங்க. வத்தின தண்ணிக்கு உப்புத்தண்ணி ஊத்துறேன்னு எழுதியிருக்கீங்களே, பிரச்சினை அங்கதான் இருக்கு. ஆவியா போறது வெறும் தண்ணி மட்டும்தான், உப்பு ஒரு கிராம்கூட போறதில்ல, எல்லாம் தொட்டிக்குள்ளயே தங்கிடுது. கணக்குப் போட்டுப் பாருங்க, கடல் தண்ணில லிட்டருக்கு சுமார் 35 கிராம் உப்பு, தினம் அரை லிட்டர் வத்துதுன்னு வச்சுக்கிட்டா வாரத்துக்கு மூன்றரை லிட்டர், அதை உப்புத்தண்ணியால நிரப்பினா வாரம் 120 கிராம் உப்பு கூடுதலா உள்ள போகுது. 60 லிட்டர் தொட்டில அது முதல் வாரம் 35-ஐ 37 ஆக்கும், ரெண்டாவது வாரம் 39. பெரிய தொட்டின்னா இது கொஞ்சம் மெதுவா தெரியும், சின்ன தொட்டி அவ்வளவு தாங்காது.

முதல்ல ரிஃப்ராக்டோமீட்டர்ல (உப்பு அளவு பார்க்கற கருவி) அளந்து பாருங்க, அதுக்கு முன்னாடி அந்த மீட்டரை 35-க்குன்னே விக்கிற கேலிப்ரேஷன் சொல்யூஷன் ஒரு சொட்டு விட்டு சரி பண்ணிக்கோங்க, வெறும் தண்ணி வச்சு பூஜ்யம் பார்த்துட்டா போதும்னு விட்டுடாதீங்க, நமக்கு வேண்டிய இடத்துல அது தப்பா காட்டலாம். 39-னு வந்தா பதறி ஒரே நாள்ல இறக்காதீங்க. ஒன்றரை லிட்டர் தொட்டித் தண்ணிய எடுத்துட்டு அதே அளவு ஆர்ஓ தண்ணிய மெதுவா ஊத்தினா 38-க்கு வரும், மறுநாள் திரும்ப அதே மாதிரி, நாலு நாள்ல 35. அப்புறம் கண்ணாடில தண்ணி மட்டத்துல ஒரு டேப் ஒட்டிடுங்க, தினம் காலைல அந்தக் கோடு வரைக்கும் ஆர்ஓ தண்ணி மட்டும். குழாய்த் தண்ணி வேணாம், க்ளோரின் போக பாஸ்பேட், சிலிகேட் எல்லாம் சேர்ந்து வந்து பாசியை வளர்க்கும். உப்பு கலந்த தண்ணி வாரம் ஒரு தடவை ஆறு லிட்டர் மாத்துறதுக்கு மட்டும்தான்.

கேஹெச் விஷயம். உங்க தொட்டில இருக்கறதெல்லாம் மெத்துன்னு இருக்கற பவளம், கல்லு மாதிரி எலும்பு கட்டுற ஜாதி இல்ல, அதுங்களுக்கு கால்சியம் பெருசா செலவாகாது, வாராவாரம் மாத்துற தண்ணிலயே போதுமான அளவு கிடைச்சிடும். கேஹெச் 7.5-ல அப்படியே நின்னா சந்தோஷமா வளரும், இன்னைக்கு 7, நாளைக்கு 11-னு குதிச்சாதான் அதுங்க தாங்காது. டெஸ்ட் பண்ணாத எதையும் தொட்டில ஊத்தக்கூடாதுன்றது என் உறுதியான அபிப்பிராயம். இன்னொண்ணு, ஸோவாந்திட்ல சில வகைல பாலிடாக்சின்னு கடுமையான விஷம் இருக்கு, வெட்டும்போதும் இடம் மாத்தும்போதும் கையுறை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம், அது ஒட்டின கல்லை சுடுதண்ணில போட்டுக் கழுவவே கூடாது, அந்த ஆவியை மூச்சுல இழுத்து குடும்பத்தோட ஆஸ்பத்திரிக்குப் போனவங்க இருக்காங்க. வீட்ல சின்னப் பசங்க இருந்தா இதை மறக்காதீங்க.

கேள்வி: டர்பன் ஃபீனிக்ஸ்ல இருந்து எழுதறேன். தைப்பூசக் காவடி சமயத்துல நாங்க எல்லாரும் கோயில்லயேதான் இருப்போம், வீடு பூட்டியே கிடக்கும். அப்ப தொட்டி 30 டிகிரிக்குப் போயிடுது. கரண்ட் வேற போயிடுமோன்னு பயம்.

பதில்: 26 டிகிரிக்கு ஒட்டி இருக்கணும் தம்பி, 30 பவளத்துக்கு ஆகாது. தண்ணி மேல படற மாதிரி சின்ன ஃபேன் ஒண்ணு வைங்க, ஆவியாகறப்ப சூட்டையும் எடுத்துட்டுப் போகும், ஆனா நம்ம டர்பன் காத்துல ஈரம் ஜாஸ்தி, அதனால காய்ஞ்ச ஊர்ல இறங்கற அளவுக்கு இங்க இறங்காது. லைட்டை அந்த ஒரு வாரம் கொஞ்ச நேரம் குறைச்சு, சாயங்காலம் தள்ளி எரிய விடுங்க. ஃபேன் வச்சா தண்ணி இன்னும் வேகமா வத்தும், அதனால மிதவை வச்ச ஆட்டோ டாப் அப் (வத்தின தண்ணியை தானா நிரப்புற கருவி) ஒண்ணு போட்டு ஆர்ஓ கேன்ல இணைச்சிடுங்க, காசு செலவு பண்றதா இருந்தா முதல்ல இதுக்குப் பண்ணுங்க.

கரண்ட் போனா முதல்ல தீர்றது ஆக்ஸிஜன், சூடான தண்ணில அது ஏற்கனவே கம்மி. லோட் ஷெட்டிங் முன்ன மாதிரி இல்லைன்னாலும் கரண்ட் போனதும் தானா ஓடுற பேட்டரி ஏர் பம்ப் ஒண்ணு எல்லா வீட்லயும் இருக்கணும். சாப்பாடு பத்தி கவலைப்படாதீங்க, வளர்ந்த க்ளவுன் ஃபிஷ் ரெண்டு மூணு நாள் பட்டினி கிடந்தா ஒண்ணும் ஆகாது. பக்கத்து வீட்டுல சாவி கொடுத்தீங்கன்னா ஒவ்வொரு வேளைக்கும் தனித்தனியா பொட்டலம் கட்டிக் கொடுங்க, டப்பாவை கையில கொடுத்தா பாவம் மீனுக்குப் பசிக்குமேன்னு அள்ளிப் போடுவாங்க, மிச்சம் அழுகி அம்மோனியா ஏறிடும்.

கேள்வி: ஜோகன்னஸ்பர்க் லெனேசியால இருந்து. ஒரு மாசம் ஆன தொட்டி, மணல் முழுக்க பழுப்பா தூசி படியுது. மீனும் மேலயே வந்து வாய் திறந்து மூச்சு வாங்குது.

பதில்: பழுப்பு தூசி டயட்டம்னு ஒரு நுண்பாசி, புதுத் தொட்டில வர்றதுதான், சில வாரத்துல தானா போயிடும், அதைத் துரத்திக்கிட்டு மருந்து ஊத்தாதீங்க. மூச்சு வாங்கறதுதான் அவசரம். இன்னைக்கே அம்மோனியா, நைட்ரைட் ரெண்டும் டெஸ்ட் பண்ணுங்க, ஒரு மாசத்துல அம்மோனியாவைச் சிதைக்கற பாக்டீரியா முழுசா செட்டாகாம இருக்கலாம், அம்மோனியா காட்டினா உடனே கால்வாசித் தண்ணி மாத்துங்க, புது மீன் எதுவும் வாங்காதீங்க. ரெண்டும் பூஜ்யமா இருந்தா ஆக்ஸிஜனைப் பாருங்க. ஜோகன்னஸ்பர்க் பக்கம் கடல் மட்டத்துல இருந்து சுமார் 1,700 மீட்டர் உயரம், காத்தழுத்தம் கம்மி, அதனால அதே தண்ணில டர்பன்ல கரையற ஆக்ஸிஜன்ல அஞ்சுல நாலு பங்குதான் உங்க ஊர்ல கரையும். பம்பை மேல நோக்கித் திருப்பி தண்ணி மேற்பரப்பு நல்லா கலங்கற மாதிரி வைங்க. குளிர்காலத்துல உங்க ஊர்க் காத்து ரொம்ப வறண்டு போகும், ஹீட்டரும் ஓடும், தண்ணி சாட்ஸ்வர்த்தைவிட வேகமா வத்தும், மேல சொன்ன டேப் கோடு உங்களுக்கு இன்னும் முக்கியம்.

கேள்வி: கடற்கரை பக்கத்துலயே இருக்கே, கடல் தண்ணியே எடுத்துட்டு வரலாமா? சொட்வானா போனா பவளம் ஒரு துண்டு எடுக்கலாமா?

பதில்: ஆத்து முகத்துவாரம் பக்கம், மழைக்கப்புறம், கண்டிப்பா வேணாம். 2022 ஏப்ரல் வெள்ளத்துக்கப்புறம் டர்பன் கடற்கரைல கழிவுத்தண்ணி கலந்து குளிக்கவே தடை போட்டது ஞாபகம் இருக்கும். உப்பு வாங்கி ஆர்ஓ தண்ணில கலக்கறதுதான் நிதானமான வழி, கலக்கி ஒரு நாள் பம்ப் ஓடவிட்டு, சூடும் உப்பும் தொட்டியோட ஒத்துப் போகுதான்னு பார்த்து ஊத்துங்க. சொட்வானா பவளப்பாறை ஐசிமங்காலிசோ பூங்காவுக்குள்ள வருது, 1999-ல இருந்து உலகப் பாரம்பரிய இடம், அங்க ஒரு துண்டுகூட தொடக்கூடாது, அனுமதி இல்லாம பவளம் எடுக்கறது சட்டப்படி குற்றம். தொட்டி வச்சிருக்கறவங்க வளர்த்து வெட்டித் தர்ற ஃப்ராக் (பவளத் துண்டு) வாங்கிக்கோங்க, அது ஏற்கனவே தொட்டித் தண்ணிக்குப் பழகினது, உயிரோட நிக்கறதுக்கும் வாய்ப்பு ஜாஸ்தி.