நாவல் வாசிப்பு: கேட்டவையும் பதில்களும்

கேள்வி: அக்கா, ‘அசுரன்’ பார்த்தாயிற்று. அதற்கு மூலமான ‘வெக்கை’ நாவலையும் படிக்கத்தான் வேண்டுமா?

கட்டாயம் படியுங்கள். 2019இல் வந்த படம் அப்பாவைச் சுற்றி நிற்கிறது. பூமணி 1982இல் எழுதிய நாவல் பதினைந்து வயதுச் சிதம்பரத்தின் தோளை விட்டு நகர்வதே இல்லை. கையை மட்டும் வெட்ட நினைத்துப் போனவன் ஆளையே சாய்த்துவிட்டு ஓடுகிறான், நாவல் அங்கிருந்து தொடங்குகிறது. பிறகு அய்யாவும் மகனும் ஒளிந்து திரியும் நாட்கள்தான் முழுக்க: எங்கே படுப்பது, எதைப் பொங்கித் தின்பது, வீட்டுக்கு எப்படிச் சேதி சொல்வது. பழிவாங்கல் கதை என்று நினைத்து வேகமாகப் புரட்டுகிறவர்கள் இதையெல்லாம் தாண்டிப் போய்விட்டு, “ஒன்றுமே நடக்கவில்லையே” என்கிறார்கள். நடப்பது முழுவதும் அந்தச் சோற்றிலும் தூக்கத்திலும்தான் இருக்கிறது. படத்தில் பார்த்த முகங்களை ஒதுக்கிவைத்துவிட்டு, இரண்டே அமர்வில் முடித்துவிடுங்கள். நான்கு வாரம் இழுத்தால் அந்தப் பதற்றம் ஆறிப்போகும்.

கேள்வி: ‘புயலிலே ஒரு தோணி’யை மூன்று முறை எடுத்து ஐம்பதாம் பக்கத்தில் வைத்துவிட்டேன். தவறு என்னிடமா, நாவலிடமா?

இரண்டிடமும் இல்லை, வரிசையில் இருக்கிறது. ப. சிங்காரம் எழுதியவை இரண்டே நாவல்கள். 1959இல் வெளிவந்த ‘கடலுக்கு அப்பால்’ சிறியது. செல்லையா, முதலாளி மகள் மரகதம், பினாங்கு வட்டிக்கடை என்று ஒரே கோட்டில் போகும் கதை. அதை முதலில் படியுங்கள். வட்டிக்கடையில் பெட்டியடிப் பையன், அவனுக்கு மேல் அடுத்தாள், எல்லோருக்கும் மேல் மேலாள் என்கிற படிநிலையும், மூன்று வருஷக் கணக்குக்குக் கப்பலேறிப் போகும் வழக்கமும் அதிலேயே பழகிவிடும்.

1972இல் வந்த ‘தோணி’ இந்த உதவி எதையும் செய்யாது. ஜப்பானியப் படை சுமத்ராவின் மெடான் நகருக்குள் நுழைவதில் ஆரம்பித்து, தெருப் பெயர், கடைப் பெயர், மலாய்ச் சொல், டச்சுச் சொல் எல்லாவற்றையும் விளக்கமின்றிக் கொட்டும். ஐம்பது பக்கத்துக்குள் நிற்பவர்கள் பெரும்பாலும் ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் தேடி நிற்பவர்கள். தேடாதீர்கள். நாயகன் பாண்டியன் எந்த ஊரில் இருக்கிறான் என்பது மட்டும் தெரிந்தால் போதும். தென்கிழக்கு ஆசிய வரைபடம் ஒன்றைப் பக்கத்தில் வைத்து சுமத்ரா, மலாக்கா நீரிணை, பினாங்கு மூன்றையும் ஒரு முறை விரலால் தொட்டுப் பாருங்கள். தொங்கான் என்கிற பாய்மரச் சரக்குக் கப்பலில் கடல் கடக்கும் பகுதி வரும்போது அந்தத் தூரம் உடம்பில் தெரியும்.

இன்னொரு தடை, குடித்துக்கொண்டே நீளும் பேச்சுகள். தமிழ்ப் பெருமை, பழம்பாடல், கேலி, புலம்பல் எல்லாம் ஒரே மூச்சில் வரும். இவற்றை மனசுக்குள் படித்தால் அலுக்கும். வாய்விட்டுப் படித்தால் யார் பேசுகிறார், யார் சீண்டுகிறார் என்பது தானாகப் பிரியும். என் கணக்கில் தமிழில் போரையும் புலம்பெயர்ந்த வாழ்வையும் இவ்வளவு பெரிய வெளியில் வைத்துப் பார்த்த நாவல் வேறில்லை. நடுவில் சில பேச்சுகள் அளவுக்கு மிஞ்சுகின்றன என்பதும் உண்மை.

கேள்வி: அசோகமித்திரனின் ‘பதினெட்டாவது அட்சக்கோடு’ திடீரென்று “நான்” என்கிறது, திடீரென்று “சந்திரசேகரன்” என்கிறது. அச்சுப் பிழையா?

பிழை இல்லை, நாவலின் முதுகெலும்பே அதுதான். கிரிக்கெட், மாடு, கல்லூரி என்று தன் உலகில் இருக்கும் பையன் ஒருவன், ஊரே பற்றி எரியும்போது தன்னையே வெளியே நின்று பார்க்க நேர்கிறது. மாற்றம் வரும் இடங்களில் பென்சிலால் ஒரு கோடு போட்டு வைத்து, முடித்தபின் அந்தக் கோடுகளை மட்டும் திரும்பப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் அவன் எதிலிருந்து விலகுகிறான் என்பது தெரியும்.

வரலாறு தெரியாமல் திணறுகிறவர்களுக்கு இவ்வளவு போதும்: 1947 ஆகஸ்டில் நிஜாமின் ஹைதராபாத் இந்தியாவோடு சேரவில்லை. நவம்பரில் ஓராண்டுக்கு ‘உள்ளது உள்ளபடி’ ஒப்பந்தம் போட்டார்கள். நிஜாமுக்கு ஆதரவான ரஜாக்கர் படையின் கை ஓங்கியது. 1948 செப்டம்பர் 13 அன்று இந்திய ராணுவம் நுழைந்தது, 17ஆம் தேதி நிஜாம் பணிந்தார். நாவல் இந்தத் தேதிகளைச் சொல்லிக்கொடுக்காது, சிகந்தராபாத் தெருவில் சைக்கிள் ஓட்டும் ஒருவனுக்கு எவ்வளவு தெரியுமோ அவ்வளவுதான் நமக்கும் தரும். கடைசிப் பக்கங்களைப் பற்றி இங்கே எதுவும் சொல்ல மாட்டேன். யாரிடமும் கேட்காமல் போய்ச் சேருங்கள்.

கேள்வி: பூமணியின் ‘அஞ்ஞாடி’ ஆயிரம் பக்கத்துக்கு மேல். தகுமா மேடம்?

தகும். ஆனால் மூன்று நாவலாக நினைத்துப் படியுங்கள். கலிங்கல் கிராமத்தில் ஆண்டிக்குடும்பனும் மாரி வண்ணானும் கூடித் திரியும் முதல் பகுதி பூமணி எழுதியதிலேயே அழகானது. 1895 கழுகுமலை, 1899 சிவகாசிக் கலவரங்களை நோக்கி நகரும்போது ஆவணங்களின் பாரம் ஏறிவிடுகிறது. அங்கே நடை தளர்கிறது என்பது என் குறை. தலைமுறைகள் குழம்பாமலிருக்க, முதல் நாளே ஒரு முழுத் தாளில் வம்சக் கொடி போட ஆரம்பித்துவிடுங்கள். பாதியில் போட உட்கார்ந்தால் பின்னால் புரட்டியே நாள் போய்விடும்.

கேள்வி: இமையத்தின் ‘செல்லாத பணம்’ மனசை ரொம்பப் பாதிக்கிறது. நிறுத்திவிடலாமா?

தீக்காயம் உங்கள் வீட்டில் நேர்ந்திருந்தால் இப்போதைக்கு நிறுத்துங்கள், அதில் வெட்கம் இல்லை. மற்றவர்கள் தொடருங்கள். தீக்காயம்பட்ட ரேவதி ஜிப்மர் மருத்துவமனையின் தீக்காயப் பிரிவுக்குள் கிடக்க, நாவல் வெளியே காத்திருக்கும் சொந்தங்களோடு உட்கார்ந்துவிடுகிறது. ஏறக்குறைய எல்லாமே பேச்சு. ஒரே புலம்பல் நான்காவது முறை வருகிறதே என்று தோன்றும். ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்திருக்கும் குடும்பம் அப்படித்தான் பேசும். இருந்தாலும் இருபது முப்பது பக்கம் குறைத்திருக்கலாம்.

கேள்வி: கல்லூரியில் சேர்ந்திருக்கும் தங்கைக்கு, வட்டார வழக்கில் சின்னதாக ஒரு நாவல்?

ஹெப்சிபா ஜேசுதாசனின் ‘புத்தம் வீடு’, 1964. வயதுக்கு வந்ததும் வீட்டுக்குள் அடைக்கப்படும் லிஸி, பனையேறிக் குடும்பத்துத் தங்கராஜ், திண்ணையில் தாத்தா கண்ணப்பச்சி. குமரி மாவட்டப் பேச்சு முதல் பத்துப் பக்கம் காதில் ஏறாது. உரையாடல்களை மட்டும் சத்தமாக ஒரு முறை படிக்கச் சொல்லுங்கள், அதோடு சரியாகிவிடும். லிஸி வாய்திறந்து பேசுவதைவிட ஜன்னல் வழியே பார்ப்பது அதிகம், தங்கையிடம் அதைக் கவனிக்கச் சொல்லுங்கள்.