கடையில் மெரூன், வாசலில் பிரவுன்: ஒளி பற்றிய கேள்வி – பதில்

கேள்வி: பட்டுப் புடவைக்கு மேட்சிங் பிளவுஸ் துணியைக் கடையிலேயே பக்கத்தில் வைத்துப் பார்த்துத்தான் எடுத்தேன். இரண்டும் அச்சாக ஒரே மெரூன். வீட்டு வாசலில் பிரித்துப் பார்த்தால் பிளவுஸ் மட்டும் பிரவுன் அடிக்கிறது. கடை விளக்கில் ஏதாவது தந்திரம் இருக்கிறதா? (இல்லத்தரசி, கும்பகோணம்)

தந்திரம் எதுவும் இல்லை. பட்டுக்கு ஏற்றிய சாயம் வேறு, பருத்திக்கு ஏற்றிய சாயம் வேறு. எந்த அலைநீளத்தை எவ்வளவு திருப்பி அனுப்புவது என்பதில் இரண்டும் ஒத்துப்போவதில்லை. நம் கண்ணில் நிறம் பார்க்கும் கூம்பு செல்கள் மூன்றே வகை. அந்த மூன்றுக்கும் ஒரே அளவு தூண்டல் கிடைத்தால், உள்ளே வரும் ஒளியின் கலவை எப்படி இருந்தாலும் மூளைக்கு அது ஒரே நிறம். கடை விளக்கின் கீழ் இரண்டு துணிகளும் தற்செயலாக அப்படிப் பொருந்தியிருக்கின்றன. விளக்கு மாறியதும் பொருத்தம் கலைந்துவிட்டது.

கடை விளக்கு வெள்ளை எல்.இ.டி. என்றால், அதன் சில்லு உண்மையில் நீல ஒளிதான் தருகிறது, ஏறத்தாழ 450 நானோமீட்டர். (அந்த நீல எல்.இ.டி.க்காகத்தான் அகசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014இல் இயற்பியல் நோபல் கிடைத்தது.) மேலே பூசிய மஞ்சள் பாஸ்பர் நீலத்தில் ஒரு பங்கை விழுங்கிவிட்டு, பச்சையிலிருந்து சிவப்பு வரை பரந்த ஒளியை விடுகிறது. 480 நானோமீட்டர் பக்கம் ஒரு பள்ளம் விழும். ஆழ்ந்த சிவப்பு மெலிந்துபோகும். மெரூனின் உயிரே அந்த ஆழ்ந்த சிவப்புதான்.

பல்பு பெட்டியில் சி.ஆர்.ஐ. (நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டும் என்பதற்கான மதிப்பெண்) 80 என்று போட்டிருப்பதை நம்பிவிடாதீர்கள். அது எட்டு வெளிர்நிற மாதிரிகளின் சராசரி. அடர்சிவப்புக்கான ஆர்9 அந்த எட்டில் சேராது. எண்பது எடுத்த பல்புக்குச் சிவப்பில் மதிப்பெண் பூஜ்யத்தை ஒட்டியும் இருக்கலாம். எனவே சிவப்பு, மெரூன், அரக்கு எடுக்கும்போது துணியைத் தெருவாசல் வரை கொண்டுபோய், நிழலில் நின்று வானவெளிச்சத்தில் ஒரு முறை பாருங்கள். கண்ணாடிக் கதவுக்கு உள்ளேயே நின்று பார்ப்பது போதாது, பச்சை சாயல் கொண்ட கண்ணாடி சிவப்பைக் குறைத்துவிடும். இன்னொன்று: புடவை கட்டப்போவது மாலை வரவேற்புக்கு என்றால், மண்டபத்து எல்.இ.டி.தான் கணக்கு. வாசலில் பிரவுன் அடித்தால் அடித்துவிட்டுப் போகட்டும்.

கேள்வி: மாமரத்து நிழலில் இலை இடுக்குகள் கோணல்மாணலாக இருக்க, தரையில் விழும் வெயில் மட்டும் ஏன் வட்ட வட்டமாக இருக்கிறது? (கல்லூரி மாணவர், பெரியகுளம்)

அந்த வட்டங்கள் சூரியனின் பிம்பங்கள். ஒவ்வொரு இடுக்கும் ஊசித்துளைக் கேமரா. சூரியன் நமக்கு ஏறத்தாழ அரை டிகிரி அகலத்தில் தெரிகிறது. அதனால் துளைக்கும் தரைக்கும் இடையே மீட்டருக்கு 9 மில்லிமீட்டர் வீதம் பிம்பம் விரியும். 5 மீட்டர் உயர இடுக்கு என்றால் வட்டம் நாலரை செ.மீ. சொச்சம். காலை, மாலைச் சாய்வெயிலில் வட்டம் நீள்வட்டமாகும். இடுக்கு உள்ளங்கை அகலம் இருந்தால் இந்தக் கணக்கு செல்லாது, இடுக்கின் உருவமே தரையில் விழும்.

ஒரு அட்டையில் 3 மி.மீ. முக்கோணத் துளை போட்டு வெயிலில் பிடியுங்கள். 10 செ.மீ. தள்ளி விழும் ஒளி முக்கோணமாகவே இருக்கும். மூன்று மீட்டர் தள்ளினால் சுத்தமான வட்டம். 2019 டிசம்பர் 26 கங்கண கிரகணத்தின்போது (சூரியன் வளையமாகத் தெரியும் கிரகணம்) தமிழ்நாட்டின் நடுப்பகுதியிலும் இலங்கையின் வடக்கிலும் மரநிழலெல்லாம் வளையல் வளையலாக விழுந்ததற்கும் இதுவே காரணம்.

கேள்வி: லேசர் பாயின்டர், பழைய சி.டி. இரண்டையும் வைத்து பிளஸ் டூ மாணவர்களுடன் அலைநீளம் அளந்தோம். பாயின்டரில் போட்டிருப்பது 650 நானோமீட்டர். சி.டி.க்கும் அட்டைக்கும் இடைவெளி 30 செ.மீ., சி.டி. லேசரைப் பிரித்து அட்டையில் விழவைக்கும் புள்ளிகளில் நடுவிலிருந்து முதலாவது 13.4 செ.மீ. விடை 715 வருகிறது. பாயின்டர் தவறா, சி.டி. தவறா? (இயற்பியல் ஆசிரியை, அறந்தாங்கி)

இரண்டும் சரி. சூத்திரம்தான் ஆள் மாறி வந்திருக்கிறது. 13.4ஐ 30ஆல் வகுத்து 1600ஆல் பெருக்கினால் 715. அதாவது இரட்டைப் பிளவுச் சோதனைக்கான சூத்திரத்தைப் போட்டிருக்கிறீர்கள். அது கோணம் ஓரிரு டிகிரிக்குள் இருக்கும்போது மட்டும் செல்லும். அங்கே சைனும் டேனும் ஏறக்குறைய ஒன்றே. சி.டி.யில் தடத்துக்கும் தடத்துக்கும் இடைவெளி 1.6 மைக்ரோமீட்டர், அதாவது 1600 நானோமீட்டர்தான். இவ்வளவு நெருக்கமான கீற்றணியில் (ஒளியைப் பிரிக்கும் இணைகோடுகளின் வரிசையில்) கோணம் 24 டிகிரிக்குப் போய்விடுகிறது.

சைன் வேண்டும் என்றால் கர்ணத்தால் வகுக்க வேண்டும். 30இன் வர்க்கம் 900, 13.4இன் வர்க்கம் 179.56. கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 32.86. 13.4ஐ அதனால் வகுத்தால் 0.408. அதை 1600ஆல் பெருக்கினால் 652 அல்லது 653. உங்கள் அளவீடு அருமையாகவே வந்திருக்கிறது. புள்ளியின் தூரத்தில் 1 மி.மீ. பிசகினாலே விடை 4 நானோமீட்டர் நகரும்.

அடுத்த முறை கவனிக்க வேண்டியவை: அட்டையின் நடுவே துளை போட்டு, லேசரை அதன் வழியாகச் சி.டி.க்கு அனுப்புங்கள். சி.டி.யை லேசாகத் திருப்பித் திருப்பி, நேரே திரும்பிவரும் பிரகாசமான புள்ளி துளையின் விளிம்பிலேயே உட்காரும்படி செய்ய வேண்டும். இதைச் செய்யாவிட்டால் இடப்புள்ளி ஒரு தூரத்திலும் வலப்புள்ளி வேறு தூரத்திலும் விழும். 2, 3 மி.மீ. வித்தியாசம் என்றால் சராசரி எடுத்துக்கொள்ளலாம், அதற்கு மேல் என்றால் சி.டி.யைத் திருத்துங்கள். லேசர் படும் இடமும் முக்கியம். தடங்கள் வட்டமாக ஓடுவதால் புள்ளிகள் ஆரத்தின் திசையில்தான் பிரியும். நடுத்துளைக்கு நேர் வலப்பக்கத்தில் அல்லது இடப்பக்கத்தில் அடித்தால் புள்ளிகள் கிடைமட்டமாக வரும். மேலே அடித்தால் ஒன்று மேசையில் விழும், ஒன்று கூரைக்குப் போகும்.

சி.டி.யின் மேல் 1.2 மி.மீ. பிளாஸ்டிக் இருக்கிறதே, அதற்குள் அலைநீளம் சுருங்காதா என்று கெட்டிக்கார மாணவர் யாராவது கேட்பார். சுருங்கும். ஆனால் வெளியே வரும்போது ஏற்படும் ஒளிவிலகல் அந்தக் கணக்கை நேர் செய்துவிடுகிறது. காற்றில் உள்ள அலைநீளத்தையே போடலாம்.

டி.வி.டி.யில் தட இடைவெளி 740 நானோமீட்டர். அதே 30 செ.மீ.யில் புள்ளி 55 செ.மீ. தள்ளிப் போகும். பழைய சூத்திரத்தைப் போட்டால் விடை 1357, கண்ணுக்கே தெரியாத அகச்சிவப்பு! சூத்திரத்தின் எல்லையை மாணவர்களுக்குக் காட்ட இதைவிட நல்ல வழி கிடையாது. புளூரே வட்டில் இடைவெளி 320 மட்டுமே என்பதால், நேராக விழும் சிவப்பு லேசருக்குப் பக்கப் புள்ளியே வராது.

5 மில்லிவாட்டுக்கு மேற்பட்ட பாயின்டர் வகுப்பறைக்கு வேண்டாம். அட்டைக்கும் சி.டி.க்கும் நடுவே யாரும் தலையை நீட்டக் கூடாது. திரும்பி வரும் கதிரும் லேசர்தான்.

கேள்வி: கண்ணாடிக்குள் வேகம் குறைந்த ஒளி, வெளியே வந்ததும் பழைய வேகத்தை எப்படிப் பெறுகிறது? அதற்கு ஆற்றல் ஏது? (வங்கி ஊழியர், திருநெல்வேலி)

ஒளியின் ஆற்றல் அதிர்வெண்ணைப் பொறுத்தது, வேகத்தைப் பொறுத்தது அல்ல. கண்ணாடிக்குள் அதிர்வெண் மாறுவதில்லை. 650 நானோமீட்டர் அலை 433ஆகச் சுருங்குகிறது, வேகம் நொடிக்கு 3 லட்சம் கிலோமீட்டரிலிருந்து 2 லட்சத்துக்கு வருகிறது. ஒளியின் மின்புலம் கண்ணாடியின் எலக்ட்ரான்களை ஆட்டுகிறது. அவை கொஞ்சம் பின்தங்கிய தங்கள் அலையை வெளியிடுகின்றன. இரண்டும் சேர்ந்த அலையின் முகடு மெதுவாக நகர்கிறது. வெளியே அந்த எலக்ட்ரான்கள் இல்லை, பின்னிழுப்பும் இல்லை. அணுக்கள் ஒளியை விழுங்கிச் சற்றுப் பொறுத்துத் துப்புகின்றன என்று பல இடங்களில் எழுதுகிறார்கள். அது உண்மையானால் ஒளி நாலாபக்கமும் சிதறி, கண்ணாடி பால்போல வெளுத்திருக்கும்.

கேள்வி: போலராய்டு கூலிங் கிளாஸ் வாங்கினேன். அதைப் போட்டுக்கொண்டு செல்போனைப் படுக்கவாட்டில் திருப்பினால் திரை கறுத்துவிடுகிறது. கண்ணாடியில் கோளாறா? (வாகன ஓட்டுநர், ஓசூர்)

கோளாறு இல்லை, அசல் சரக்கு என்பதற்கு அதுவே அத்தாட்சி. ஈரச் சாலை, தண்ணீர், தார் இவற்றில் பட்டுக் கூசும் ஒளி பெரும்பாலும் கிடைமட்டத் தளவிளைவு அடைந்திருக்கும், அதாவது கிடைமட்டத் திசையில் மட்டும் அதிரும். தண்ணீரில் படுகோணம் 53 டிகிரியாக இருக்கும்போது முழுவதும் அப்படித்தான். உங்கள் கண்ணாடி கிடைமட்ட அதிர்வைத் தடுத்து, செங்குத்தானதை விடுகிறது. செல்போன் திரையும் ஒரே திசையில் அதிரும் ஒளியைத்தான் தருகிறது. திருப்பும்போது அது கண்ணாடி தடுக்கும் திசைக்கு வந்துவிடுகிறது. சில போன்களில் மேலே இன்னொரு படலம் ஒட்டியிருப்பார்கள். அவற்றில் திரை கறுக்காமல் நிறம் மட்டும் மாறும்.

குரோம் பம்பரில் கூசுவது இதனால் குறையாது, உலோகத்தில் பட்டுத் திரும்பும் ஒளி அப்படித் தளவிளைவு அடைவதில்லை. புற ஊதாத் தடுப்பு தனி விஷயம், அதற்கு யு.வி. 400 என்ற குறிப்பைத் தேடுங்கள். இந்தக் கண்ணாடி வரும் ஒளியில் பாதிக்கு மேல் வெட்டிவிடுகிறது என்பதால், பொழுது சாய்ந்தபின் ஓட்டும்போது கழற்றிவிடுங்கள்.