வழக்குத் தொடுத்த குருவி

கேள்வி: ஹவாயில் ஒரு குருவி தன் பெயரிலேயே அரசின் மீது வழக்குத் தொடுத்து வென்றது என்று நண்பர் ஒருவர் சொன்னார். உண்மையா? அது என்ன குருவி?

பதில்: உண்மைதான். அதன் பெயர் பலிலா. ஃபிஞ்ச் குடும்பத்தைச் சேர்ந்த இப்பறவை, பல லட்சம் ஆண்டுகளுக்கு முன் ஆசியாவிலிருந்து கடல் கடந்து சென்ற ரோஸ்ஃபிஞ்ச் இனத்தின் வழிவந்தது. மஞ்சள் தலையும் சாம்பல் முதுகும் தடித்த குட்டை அலகும் கொண்டு, ஏறத்தாழ 19 செ.மீ. நீளமுள்ள பலிலாவை, இன்று மௌனா கேயா எரிமலையின் சரிவில் 2,000 முதல் 3,000 மீட்டர் உயரத்தில் மட்டுமே காண முடியும். வெப்பமண்டல மலைக்காடு என்றதும் மூடுபனியும் பாசி படர்ந்த மரங்களும் நினைவுக்கு வரும். இதுவோ மழை குறைந்த, மரங்கள் விட்டுவிட்டு நிற்கும் வறண்ட காடு.

அக்காட்டின் முதன்மையான மரம் மாமனே. (நம் காதில் உறவுமுறைச் சொல்லாக விழுந்தாலும் அது ஹவாய் மொழிப் பெயர்தான்.) அதன் முற்றாத விதைகளே பலிலாவின் முக்கிய உணவு. காயைப் பறித்து, கிளையோடு காலால் அழுத்திப் பிடித்து, அலகால் கிழித்து விதையை எடுக்கிறது. பிற சிறு பறவைகளைக் கொல்லக்கூடிய ஆல்கலாய்டு நஞ்சு அவ்விதைகளில் இருந்தும், பலிலாவுக்கு ஒன்றும் நேர்வதில்லை. காய்களுக்குள் வாழும் புழுக்களையும் அது உண்கிறது. மாமனே எல்லா உயரங்களிலும் ஒரே காலத்தில் பூத்துக் காய்ப்பதில்லை. ஆகவே பச்சைக் காய்கள் கிடைக்கும் இடத்தைத் தேடிப் பறவைகள் சரிவில் ஏறியும் இறங்கியும் இடம் மாறுகின்றன. காடு மேலிருந்து கீழ்வரை அகன்று இருந்தால்தான் உணவு நீண்ட காலம் கிடைக்கும் என்பதை மனத்தில் கொண்டால், வழக்கின் காரணமும் விளங்கிவிடும்.

வெளியிலிருந்து கொண்டுவரப்பட்டுக் காட்டில் பெருகிய செம்மறிகளும் வெள்ளாடுகளும் மாமனே கன்றுகளைத் தலைதூக்க விடாமல் மேய்ந்தன. வேட்டைக்காரர்களுக்காக அவற்றை மாநில அரசே பேணி வந்தது. அழியும் நிலையிலுள்ள உயிரினங்களைக் காக்கும் 1973-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, இயற்கை அமைப்புகள் சில 1978-இல் பலிலாவை முதல் வாதியாக நிறுத்தி வழக்குத் தொடுத்தன. பறவையை யாரும் சுடாவிட்டாலும், அதன் வாழிடத்தை அழிப்பது அதற்குத் தீங்கு செய்வதே என ஏற்ற நீதிமன்றம், ஆடுகளை அகற்றுமாறு 1979-இல் உத்தரவிட்டது. மூஃப்ளான் என்னும் காட்டுச் செம்மறிகளையும் அகற்றக் கோரி இரண்டாவது வழக்கும் நடந்தது. அதிலும் பலிலாவே வென்றது.

கேள்வி: அப்படியானால் பறவை இப்போது பெருகியிருக்க வேண்டுமே? இல்லையென்றால் வேறிடத்தில் குடியேற்றலாகாதா?

பதில்: பெருகவில்லை. 2003-இல் ஏறத்தாழ 6,000 ஆக மதிப்பிடப்பட்ட எண்ணிக்கை, அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் ஆயிரத்துக்கும் கீழே போய்விட்டது. தீர்ப்புக்குப் பிறகும் ஆடுகள் முற்றிலும் நீங்கவில்லை. நீண்ட வறட்சியில் காய்ப்பும் குறைந்தது. பலிலா பெரும்பாலும் இரண்டு முட்டைகளே இடுகிறது, அவற்றையும் குஞ்சுகளையும் காட்டுப் பூனைகள் கவர்ந்து செல்கின்றன.

கீழ்ப்பகுதியில் குடியேற்ற வழியில்லை. அங்கே கொசுக்கள் பரப்பும் பறவை மலேரியாவைத் தாங்கும் ஆற்றல் பலிலாவுக்கு மிகக் குறைவு. அதே மலையின் வடக்குச் சரிவில் சில பறவைகளை விட்டுப் பார்த்தார்கள். ஒரு சில தங்கின. பல, தாம் பிறந்த மேற்குச் சரிவுக்கே பறந்து திரும்பிவிட்டன. எனவே வேலியிட்டு ஆடுகளைத் தடுத்து, உள்ளே மாமனே கன்றுகளை நட்டு வருகிறார்கள். ஆனால் அது மெதுவாக வளரும் மரம்.