சாம்பியன் பெயர் பொறித்த தட்டை வாங்கலாமா?

கேள்வி: அமெரிக்காவின் சார்லட் நகரில் வசிக்கிறேன். அண்மையில்தான் டிஸ்க் கோல்ஃப் (தட்டை வீசிக் கூடையில் சேர்க்கும் ஆட்டம்) ஆடத் தொடங்கினேன். கடையில் பால் மெக்பெத் பெயர் பொறித்த ஜீயஸ் தட்டு கண்ணைப் பறிக்கிறது; விலை 20 டாலருக்கு மேல். பக்கத்திலேயே 10 டாலருக்குச் சாதாரணத் தட்டுகளும் இருக்கின்றன. விலை கூடியது நன்றாகப் பறக்குமா?

பதில்: மெக்பெத் வீசினால் பறக்கும். உங்கள் கைக்கு இப்போது அது வேண்டாம்.

அவர் ஆறு முறை உலகச் சாம்பியன். டிஸ்கிராஃப்ட் நிறுவனம் 2021இல் பத்து ஆண்டுகளுக்கு ஒரு கோடி டாலர் என்று அவரோடு ஒப்பந்தம் போட்டது. வீரரின் பெயரில் வரும் தட்டு விற்றால் அதில் ஒரு பங்கு அவருக்குப் போவது இந்தத் துறையின் வழக்கம். அபிமானத்துக்காக வாங்குகிறீர்கள் என்றால் தாராளமாக வாங்குங்கள், அது வேறு கணக்கு. ஆனால் தட்டின் போக்கை முடிவு செய்வது அதன் வடிவம், பிளாஸ்டிக், எடை ஆகியவைதான். மேலே மினுங்கும் படம் சூடேற்றி ஒட்டிய மெல்லிய ஃபாயில். நாலு மரத்தில் மோதினால் உரியத் தொடங்கிவிடும்.

படத்தை விட்டுவிட்டு எண்களைப் பாருங்கள். வேகம், மிதப்பு, திருப்பம் (வலது கைப் புறங்கை வீச்சில் முதலில் வலப்பக்கம் போவது; எண் பூஜ்யத்துக்குக் கீழே போகப் போக அதிகம்), கடைசிச் சரிவு (முடிவில் இடப்பக்கம் சாய்வது) என்று நான்கு எண்கள் உண்டு. ஜீயஸுக்கு 12, 5, -1, 3. இந்த 12ஐப் பார்த்துத்தான் புதியவர்கள் ஏமாறுகிறார்கள். அத்தனை வேகமாக வீசும் கைக்குத்தான் அது சொன்னபடி போகும். வலது கையால் புறங்கை வீச்சில் மெதுவாக வீசினால் சட்டென்று இடப்பக்கம் சரிந்து புதருக்குள் விழும். இன்னோவா என்ற தட்டு நிறுவனத்தின் லெப்பர்ட் (6, 5, -2, 1), டிஸ்கிராஃப்டின் பஸ்ஸ் (5, 4, -1, 1) போன்றவற்றில் தொடங்குங்கள்.

விலை வித்தியாசம் முழுவதும் பெயருக்கு என்றும் சொல்ல முடியாது. இன்னோவாவில் டிஎக்ஸ் என்பது மலிவான பிளாஸ்டிக். பிடி நன்றாக இருக்கும், சீக்கிரம் அடிவாங்கும், தேயத் தேய முன்பைவிட வலப்பக்கம் திரும்பும். ‘சாம்பியன்’, ‘ஸ்டார்’ என்ற அதன் மற்ற பிளாஸ்டிக் வகைகள் நீடித்து உழைக்கும். அந்தக் கூடுதல் டாலர்கள் நியாயமானவை.

கடைக்காரரிடம் ‘எஃப்-2’ இருக்கிறதா என்று கேளுங்கள். படம் கோணலாக விழுந்தது, நிறம் திட்டுத்திட்டாக வந்தது என்று இன்னோவா இரண்டாம் தரமாகத் தள்ளியவை அவை. விலை குறைவு, தோற்றத்தில் மட்டுமே குறையுள்ள தட்டு பறப்பதில் பின்தங்காது. (இரட்டையாக அச்சு விழுந்த தட்டைத் தேடிப் பிடித்துக் கூடுதல் விலை கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள்!)

கேள்வி: எனக்குக் கரும்பச்சையில் தங்கப் படம் போட்டது பிடித்திருக்கிறது. மனைவி இளஞ்சிவப்பை எடு என்கிறார்.

பதில்: அவர் பேச்சைக் கேளுங்கள். தோற்றத்துக்கு மதிப்பு உண்டு என்றால் அது இந்த ஒரு விஷயத்தில்தான். கரும்பச்சையும் கறுப்பும் புல்லிலும் நிழலிலும் மறைந்துவிடும். கண்ணாடி போன்ற நிறமற்ற பிளாஸ்டிக் இன்னும் மோசம், காலடியில் கிடந்தாலும் தெரியாது. இளஞ்சிவப்பும் பளிச்சென்ற வான்நீலமும் எந்தப் பருவத்திலும் கண்ணில் படும். ஆரஞ்சு இலையுதிர் காலத்தில் சருகோடு கலந்துவிடும். தட்டின் அடியில் அழியாத மையால் பெயரையும் தொலைபேசி எண்ணையும் எழுதிவையுங்கள்.

கேள்வி: வெள்ளைத் தட்டு வாங்கி நானே படம் போட்டுக்கொள்ளலாமா? போட்டியில் தடுப்பார்களா?

பதில்: சாயம் ஏற்றினால் தடையில்லை. தொட்டால் தடிப்பு தெரியும்படி பெயின்ட் பூசினால் அந்தத் தட்டு போட்டியில் செல்லாது. வெள்ளையை மட்டும் தரையில் வெண்பனி மூடும் காலத்தில் வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.