விலை குறைந்த பேஸ் கிட்டாரில் பிக்கப்பை மாற்றினால் பயன் உண்டா?

உங்களிடம் இருப்பது ஜாஸ் பேஸ் (ஃபெண்டர் நிறுவனத்தின் இரண்டு பிக்கப் கொண்ட மாடல்) வடிவத்தில் வந்த மலிவான கிட்டார் என்கிறீர்கள். பயன் நிச்சயம் உண்டு. ஆனால் அதற்குமுன் புதுக் கம்பிகள் போட்டு, பிக்கப்பின், அதாவது கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் காந்தச் சுருளின், உயரத்தைத் திருகாணியால் ஏற்றி இறக்கிக் கேளுங்கள். காந்தம் கம்பியை நெருங்க நெருங்க ஒலி உரக்கும். அளவுமீறினால் அதிர்வையே இழுத்துப் பிடித்துச் சுருதியைக் கெடுத்துவிடும். பாதிக் குறை இதிலேயே தீர்ந்துபோவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

பிறகும் ஒலி மந்தமாக இருந்தால் மாற்றுங்கள். வாங்குமுன் பழையதை அளந்தே தீர வேண்டும். வழக்கமான ஜாஸ் பேஸில் பிரிட்ஜ் (கிட்டாரின் உடலில் கம்பிகளைத் தாங்கும் பகுதி) பக்கத்துப் பிக்கப், கழுத்துப் பக்கத்தில் உள்ளதைவிடச் சில மில்லிமீட்டர் நீளம். சில மலிவு மாடல்களில் இரண்டும் ஒரே அளவு.

இணைப்புகளைப் படம் எடுத்துவிட்டுக் கழற்றுங்கள். சிரமமான இடம், வால்யூம் பொட்டென்ஷியோமீட்டரின் (ஒலியைக் கூட்டிக் குறைக்கும் திருகுக்கு அடியில் உள்ள பாகம்) முதுகில் எர்த் கம்பியைப் பற்றவைப்பதுதான். அந்த உலோகம் சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். ஈயம் உருண்டையாக நின்றால் ஒட்டவில்லை என்று பொருள். தண்ணீர்போலப் பரவிப் படிய வேண்டும். இந்த வகை சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள்) பிக்கப்புக்கு 250 கிலோ ஓம் பொட்டென்ஷியோமீட்டரும், டோன் கட்டுப்பாட்டுக்கு 0.047 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரும் பொருந்தும்.

இரண்டு பிக்கப்பின் வால்யூமையும் முழுதாகத் திறந்ததும் ஒலி மெலிந்து, கனமே காணாமல் போகிறதா? பயப்படாதீர்கள், ஃபேஸ் எதிராக இருக்கிறது; அதாவது இரண்டு பிக்கப்பின் அலைகளும் ஒன்றையொன்று அழிக்கின்றன. ஏதேனும் ஒரு பிக்கப்பின் இரு மின்கம்பிகளையும் இடம் மாற்றிப் பற்றவைத்தால் சரியாகிவிடும்.

கிட்டாரைத் திறந்த கையோடு அதன் உட்குழிவில் செப்புத் தாள் ஒட்டி எர்த்துடன் இணைத்துவிடுங்கள்; இரைச்சல் நன்றாகக் குறையும்.