ஒளி மங்கினால் மருந்து இருக்கிறது என்றாகுமா?

வணக்கம் ஐயா,

நாமக்கல்லில் எம்.எஸ்சி. வேதியியல் படிக்கிறேன். நான் தயாரித்த துத்தநாக அணைவுப் பலபடி (துத்தநாக அயனிகளைக் கரிம மூலக்கூறுகள் கோத்து உருவான பொடி) புற ஊதாக் கதிரில் நீலமாக ஒளிர்கிறது. நைட்ரோஃபியூரசோன் என்ற ஆன்டிபயாட்டிக்கைச் சேர்த்தால் மங்குகிறது. இதை வைத்துக் கோழிப்பண்ணை போர் தண்ணீரில் ஆன்டிபயாட்டிக் இருக்கிறதா என்று கண்டுபிடிக்கலாமா? புரோட்டான் கடத்தலும் அளக்கச் சொல்கிறார்கள். அதில் எதைக் கவனிக்க வேண்டும்?

— ஒரு மாணவி

அன்புள்ள மாணவிக்கு,

மருந்து உங்கள் பலபடியைத் தொடாமலேயே ஒளியை மங்கச் செய்யும். நைட்ரோஃபியூரசோன் 375 நானோமீட்டரை ஒட்டி ஒளியை வலுவாக உட்கவர்கிறது. நீங்கள் தூண்டும் அலைநீளமும் அதன் பக்கம் என்றால், ஒளி பொடிக்குப் போய்ச் சேருமுன் கரைசலிலேயே தீர்ந்துவிடும். தூண்டும் அலைநீளத்தில் உட்கவர் அளவு (absorbance) 0.6, வெளிவிடும் அலைநீளத்தில் சுழி என்று வையுங்கள். இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் 0.3. பத்தின் அடுக்கு 0.3 என்பது ஏறக்குறைய 2; ஒளி அத்தனை மடங்கு குறைவாகத் தெரியும். ஒளி பாதியானதற்கு இதுவே போதும். பலபடிக்கு அதில் பங்கே இல்லை. எனவே ஒவ்வொரு அளவு மருந்துக்கும் பொடியில்லாத கரைசலின் உட்கவர் அளவை எடுத்துத் திருத்திய பிறகே ஸ்டெர்ன்–வோல்மர் கோடு (மருந்தின் அளவு கூட ஒளி எவ்வளவு மங்குகிறது என்று காட்டும் வரைகோடு) போடுங்கள்.

பொடி அடியில் படிந்தாலும் ஒளி குறையும். 3 மில்லி நீரில் 3 மில்லிகிராம் நன்றாக அரைத்த பொடி, அரை மணி நேரம் அல்ட்ராசோனிக் குளியல், அளக்குமுன் ஒவ்வொரு முறையும் ஒரு கலக்கு. இன்னொரு குவெட்டில் (அளவிடும் சிறு கண்ணாடிக் குப்பியில்) அதே பொடியோடு, மருந்துக்குப் பதில் அதே அளவு வெறும் நீரை, அதே இடைவெளியில் விடுங்கள். அதிலும் ஒளி இறங்கினால் அந்த இறக்கம் மருந்தால் வந்ததல்ல.

நம் ஊர்த் தண்ணீர் வடிநீர் இல்லை. போர் தண்ணீரின் கால்சியமும் மெக்னீசியமும் டெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக்கைப் பிடித்து அணைவாக்கிவிடும். வடிநீரில் போட்ட அளவுக்கோடு அங்கே செல்லாது. கோழி எருவிலிருந்து ஊறும் பாஸ்பேட் துத்தநாகத்தைப் பிடுங்கும். ஈனி (துத்தநாகத்தோடு பிணைந்திருக்கும் கரிம மூலக்கூறு) கழன்று தனியாக ஒளிரத் தொடங்கினால் ஒளி அதிகமாகவும் செய்யும். நொய்யல் நீரென்றால் சாயமும் இரும்பும் தாமே மங்க வைக்கும். ஆகவே 0.45 மைக்ரான் வடிதாளில் வடித்த அதே தண்ணீரில், தெரிந்த அளவு மருந்தைச் சேர்த்து, எவ்வளவு திரும்பக் கிடைக்கிறது என்று பாருங்கள். கடைசியில் பொடியை மீட்டு, அதன் படிக அமைப்பு சிதையாமல் இருக்கிறதா என்று எக்ஸ்ஆர்டி (எக்ஸ் கதிர்ச் சோதனை) எடுங்கள்.

பண்ணைகளுக்கு மிக முக்கியமான ஒன்று: 2019-ல் உணவுக்கான கால்நடை, கோழி வளர்ப்பில் மத்திய அரசு கோலிஸ்டின் என்ற ஆன்டிபயாட்டிக்கைத் தடை செய்தது. அது பெப்டைடு, உங்கள் தூண்டும் ஒளியை உட்கவரும் பகுதி அதில் இல்லை. இந்த முறையில் அது அகப்படும் என்று நம்ப வேண்டாம். ஒளி மங்கவில்லை என்பதற்காகத் தண்ணீர் சுத்தம் என்று எந்தப் பண்ணைக்காரருக்கும் சொல்லிவிடாதீர்கள். உங்கள் முறை முதல் சல்லடை மட்டுமே. உறுதி செய்ய எல்சி–எம்எஸ் (சேர்மங்களைப் பிரித்து நிறையால் அடையாளம் காணும் கருவி) வேண்டும்.

புரோட்டான் கடத்தலுக்குப் பொடியை வில்லையாக அழுத்தி, 98% ஈரப்பதத்தில் மின்மறுப்பு (மாறுமின்னோட்டத்துக்கு வில்லை காட்டும் தடை) அளக்கலாம். ஈரப்பதம் நிலைக்கச் சில மணி நேரம் விடுங்கள். அவசரப்பட்டால் மதிப்பு ஏறிக்கொண்டே இருக்கும். கிளர்வு ஆற்றல் (புரோட்டான் நகரத் தாண்ட வேண்டிய ஆற்றல் தடை) 0.4 எலக்ட்ரான் வோல்ட்டுக்குக் கீழே வந்தால் புரோட்டான் ஹைட்ரஜன் பிணைப்பு வழியே தாவுகிறது என்றும், மேலே போனால் நீர் மூலக்கூறு அதைச் சுமந்து செல்கிறது என்றும் பொதுவாகக் கொள்வார்கள். வில்லையின் விளிம்பில் நீர் கோத்திருந்தால் அந்த எண்ணைத் தள்ளிவிட்டு மறுபடி அளவிடுங்கள்.