பதினோரு மாத ஒப்பந்தமும் அரசு வேலைதானா?

கேள்வி: பி.டி.எஸ். முடித்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. திருமங்கலத்தில் குடியிருக்கிறோம். மதுரை அண்ணா நகரில் ஒரு தனியார் பல் மருத்துவமனையில் 22,000 ரூபாய் சம்பளத்தில் இருக்கிறேன். மாவட்ட நலவாழ்வுச் சங்கம் மூலம் உசிலம்பட்டிப் பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில், 34,000 ரூபாய் தொகுப்பூதியத்தில் ஒப்பந்த வேலை கிடைத்திருக்கிறது. இதற்கிடையே, திருமங்கலத்தில் நெடுங்காலமாகக் கிளினிக் நடத்தும் மூத்த பல் மருத்துவர் ஒருவர் ஓய்வு பெறப் போகிறார். அதை எடுத்து நடத்துகிறாயா என்று கேட்கிறார். "கால் காசு என்றாலும் கவர்ன்மென்ட் காசு" என்கிறார் அப்பா. எதில் பாதுகாப்பு அதிகம், டாக்டர்?

பதில்: நானும் அரசுப் பல் மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவன்தான். அதனால் உங்கள் அப்பாவை நான் மறுத்துப் பேசப் போவதில்லை. அவர் மனதில் இருக்கும் அரசு வேலைக்கு அவர் சொல்வது முழுக்கப் பொருந்தும். உங்களுக்கு வந்திருக்கும் ஆணை அந்த வேலைக்கானது அல்ல என்பதுதான் சங்கதி.

அவர் நினைக்கும் வேலை, மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் தேர்வு நடத்தி நிரப்பும் உதவி மருத்துவர் (பல்) பணியிடம். அடிப்படை ஊதியம் 56,100 ரூபாயில் தொடங்கும், அகவிலைப்படி தனி. ஓய்வு வயது 60. தகுதிகாண் பருவத்தை முடித்துவிட்டால், அரசியலமைப்புச் சட்டத்தின் 311-ஆவது பிரிவு உங்களுக்குக் காவலாக நிற்கும். இடம் மாற்றலாம், 17-பி குறிப்பாணை (ஒழுங்கு நடவடிக்கைக்கான குற்றச்சாட்டு ஆணை) கொடுத்து அலைக்கழிக்கலாம். ஆனால் மிகச் சில விதிவிலக்குகள் தவிர, விசாரணை இல்லாமல் யாரும் உங்களை வீட்டுக்கு அனுப்ப முடியாது. முதல் இரண்டு குழந்தைகளுக்குப் பன்னிரண்டு மாத மகப்பேறு விடுப்பு, முழுச் சம்பளத்துடன். பழைய ஓய்வூதியம் மட்டும் கிடையாது. 2003 ஏப்ரல் 1 முதல் சேர்ந்தவர்களுக்கு ஓய்வூதியத்துக்காக மாதாமாதம் 10 விழுக்காடு பிடித்தம் உண்டு. இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. பணி நேரம் போக மற்ற நேரத்தில் தனியாக மருத்துவம் பார்க்க மாநில அரசு மருத்துவர்களுக்குத் தமிழ்நாட்டில் அனுமதி இருக்கிறது. இதைப் பிறகு பேசுவோம்.

இனி உங்கள் ஒப்பந்த வேலை. விண்ணப்பத்தோடு ஓர் உறுதிமொழிக் கடிதம் கேட்டிருப்பார்கள்; இல்லையென்றால் சேரும்போது கேட்பார்கள். அந்தத் தாளை எடுத்து அப்பாவிடம் கொடுத்து நிதானமாகப் படிக்கச் சொல்லுங்கள். பணி முற்றிலும் தற்காலிகமானது, பதினோரு மாத ஒப்பந்த அடிப்படையிலானது, எந்த நிலையிலும் நிரந்தரம் செய்யப்படமாட்டாது என்பதை ஏற்கிறேன் என்று நீங்களே கையெழுத்திட்டுத் தருகிறீர்கள். பணம் தேசிய நலவாழ்வுக் குழுமத்தின் திட்ட நிதியிலிருந்து வருகிறது. திட்டத்தில் அந்த இடத்துக்கு நிதி இருக்கும்வரை புதுப்பிப்பார்கள். பல இடங்களில் ஆண்டுக்கணக்கில் புதுப்பித்துக்கொண்டு வருகிறார்கள் என்பதும் உண்மை. ஆனால் அது வழக்கமே தவிர உரிமை அல்ல.

"கோர்ட்டுக்குப் போனால் நிரந்தரம் ஆகிவிடலாமாமே" என்று யாராவது சொல்லியிருப்பார்கள். 2006-ல் உமாதேவி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு, முறையான தேர்வு வழியாக வராத தற்காலிக ஊழியர் நிரந்தரத்தை உரிமையாகக் கோர முடியாது என்று தீர்த்துச் சொல்லிவிட்டது. 2024 டிசம்பரில் ஜக்கோ வழக்கில் அதே நீதிமன்றம், நிரந்தரத் தன்மையுள்ள வேலையைப் பல்லாண்டுகள் வாங்கிக்கொண்டு உமாதேவி தீர்ப்பைக் காட்டி ஊழியரைக் கைகழுவக் கூடாது என்றது. இரண்டாவது தீர்ப்பு ஆறுதல்தான். ஆனால் அது நீண்ட காலம் உழைத்துத் தேய்ந்தவர்களுக்குக் கிடைத்த ஆறுதல். இருபத்தேழு, இருபத்தெட்டு வயதில் அதை நம்பி ஒரு வேலையில் போய்ச் சேர வேண்டாம்.

என்னை அதிகம் உறுத்துவது சட்டம் அல்ல, உங்கள் கை. சுகாதார நிலையத்தில் பல் நாற்காலி இருக்கும். கம்ப்ரஸர் ஓடுகிறதா, பல்லைக் குடையும் ஏரோட்டார் சுற்றுகிறதா, வேர் சிகிச்சைக்கான ஃபைல்கள் (வேருக்குள் இறக்கிச் சுத்தம் செய்யும் மெல்லிய கம்பிகள்) தொடர்ந்து வருகின்றனவா என்பது இடத்துக்கு இடம் மாறும். ஓடாத இடத்தில் என்ன நடக்கும் என்று சொல்கிறேன். காலையில் சீட்டோடு வரிசை நிற்கும். கடைவாய்ப் பல் சொத்தை. குழி ஆழம், ஆனால் காப்பாற்றக்கூடிய பல். உங்களிடம் ஊசி மருந்தும் குறடும்தான் இருக்கின்றன. வந்தவர் கூலி வேலையை விட்டு வந்திருக்கிறார். மதுரைக்குப் போய் வர அவரால் ஆகாது. "பிடுங்கி விடுங்கம்மா" என்பார். பிடுங்குவீர்கள். இரண்டு ஆண்டுகள் இப்படிப் போனால் பல் பிடுங்குவதில் உங்களை யாரும் மிஞ்ச முடியாது. வளைந்த வேரில் ஃபைல் இறக்கும் கை மட்டும் தயங்க ஆரம்பிக்கும். பிறகு ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாமல் போனால், தனியார் மருத்துவமனையில் அந்தக் கைக்குத்தான் சம்பளம் பேசுவார்கள். சேர்வதாக இருந்தால், அதற்கு முன் ஒரு நாள் அந்த நிலையத்துக்கே போய் நாற்காலியை இயக்கிப் பாருங்கள். எல்லாம் ஓடுகிறது என்றால் நான் சொன்னதில் பாதியைத் தள்ளிவிடலாம்.

இப்போதைய சம்பள வேலையைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அதில் பாதுகாப்பு எதுவும் இல்லை என்பது உங்களுக்கே தெரியும், அதனால்தான் எழுதியிருக்கிறீர்கள்.

கிளினிக்குக்கு வருகிறேன். என் கணிப்பில் உங்கள் கையில் இருப்பவற்றுள் இதில்தான் பாதுகாப்பு அதிகம். ஆனால் இதற்கும் ஒரு பதினோரு மாதச் சிக்கல் உண்டு, அதுதான் வாடகை ஒப்பந்தம். பதிவுச் செலவைத் தவிர்க்க ஊரில் எல்லோரும் பதினோரு மாதத்துக்கே எழுதிக்கொள்கிறார்கள். துணிக்கடை என்றால் மூட்டை கட்டிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போய்விடலாம். பல் நாற்காலிக்குத் தண்ணீர்க் குழாய், கழிவுக் குழாய், காற்றுக் குழாய், மின்கம்பி எல்லாம் தரைக்கு அடியில் போகின்றன. இடத்தை மாற்றினால் தரையைத்தான் உடைக்க வேண்டும். வழக்கமாக வருகிறவர்களில் ஒரு பகுதியும் கழன்றுவிடும். மூத்த மருத்துவருக்கும் கட்டட உரிமையாளருக்கும் பழக்கம் இருந்திருக்கலாம். அந்தத் தாட்சண்யம் உங்களுக்குக் கிடைக்கும் என்று எண்ண வேண்டாம். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டத்தின் கீழ், எழுதிக்கொண்ட காலம் முடிந்துவிட்டால் வாடகைதாரருக்குப் பிடிமானம் குறைவு. ஆகவே உரிமையாளரிடம் நேரில் பேசி, குறைந்தது ஐந்து ஆண்டுகளுக்குக் குத்தகை எழுதி, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யுங்கள். வாடகை ஆண்டுக்கு எவ்வளவு ஏறும் என்பதும் அதிலேயே இருக்க வேண்டும். இதற்கு அவர் ஒப்பவில்லையென்றால் கிளினிக்கை விட்டுவிடுங்கள்.

அடுத்து நோயாளிப் பதிவேடு. கடந்த ஓராண்டுக்கான நோட்டை வாங்கிப் பாருங்கள். எத்தனை பேர் வந்தார்கள் என்பதைவிட, எத்தனை பேர் இரண்டாம் முறை வந்தார்கள், அதில் எத்தனை பேர் குடும்பத்தையும் கூட்டி வந்தார்கள் என்று பாருங்கள். நல்ல பெயருக்காக அவர் கேட்கும் தொகை நியாயமா என்பது அதில் தெரியும். கூடவே, கிளிப் போட்டு இன்னும் முடியாதவர்கள் யார் யார், அவர்களிடம் எவ்வளவு பணம் வாங்கியாகிவிட்டது என்று தனிப் பட்டியல் கேளுங்கள். முழுத் தொகையையும் அவர் வாங்கியிருப்பார்; மீதி ஓராண்டு நீங்கள் இலவசமாகக் கம்பி முறுக்கிக்கொண்டிருப்பீர்கள். அந்தத் தொகையை விலையில் கழித்துப் பேசுவதில் கூச்சம் வேண்டாம். ஆறு மாதமாவது அவர் வாரத்தில் சில நாள்கள் வந்து உடன் உட்காரட்டும். ஊர்க்காரர்கள் உங்களைப் பழக அது போதும்.

தனியார் மருத்துவ நிறுவனங்களுக்கான 1997-ஆம் ஆண்டுச் சட்டப்படியான பதிவு, எக்ஸ்ரே கருவிக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியப் பதிவு, மருத்துவக் கழிவு ஒப்பந்தம் ஆகிய மூன்றையும் உங்கள் பெயரில் புதிதாக வாங்குங்கள். தொழில்முறைக் காப்பீடும் எடுங்கள். எல்லோருக்கும் இலவசமாகச் சிகிச்சை தரும் அரசு மருத்துவமனை நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று 1995-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கட்டணம் வாங்கும் உங்களுக்கு அந்தக் கவசம் கிடையாது.

அப்படியானால் அரசு வேலையை மறந்துவிடுவதா? கூடாது. மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் அறிவிப்பு வரும்போதெல்லாம் எழுதுங்கள். பல் மருத்துவத்துக்கு இடங்கள் குறைவு, அறிவிப்பும் ஆண்டுதோறும் வருவதில்லை. 2024-ல் எம்.பி.பி.எஸ். படித்தவர்களுக்கான உதவி மருத்துவர் (பொது) பணிக்கு 2,553 இடங்களுக்கு அறிவிப்பு வந்தது. பல் மருத்துவர்கள் அப்படி ஓர் எண்ணைக் கனவிலும் பார்க்க மாட்டோம். தமிழ்த் தகுதித் தாளில் 40 விழுக்காடு எடுக்காவிட்டால் மற்றத் தாளைத் திருத்தவே மாட்டார்கள். ஆங்கில வழியில் படித்தவர்கள் இதில்தான் சறுக்குகிறார்கள். பள்ளித் தமிழ்ப் புத்தகங்களை எடுத்துவைத்துக்கொள்ளுங்கள்.

நிரந்தர இடம் கிடைத்தால் யோசிக்காமல் சேருங்கள். மதுரை மாவட்டத்துக்குள் கலந்தாய்வில் இடம் அமைந்தால், மாலையில் திருமங்கலத்துக் கிளினிக்கை நீங்களே நடத்தலாம். முன்பு சொன்ன அனுமதி அதற்குத்தான் உதவும். தொலைவில் போட்டுவிட்டால் பகலில் உட்கார இன்னொரு பல் மருத்துவரைப் பங்கு பேசி அமர்த்த வேண்டியிருக்கும். ஒப்பந்த வேலையில் இருந்துகொண்டே மாலையில் கிளினிக் பார்க்கலாமா என்றும் கேட்பீர்கள். அது உங்கள் ஒப்பந்தத்தின் நிபந்தனைகளைப் பொறுத்தது. சேருவதற்கு முன் மாவட்ட நலவாழ்வுச் சங்க அலுவலகத்தில் எழுத்து மூலமாகக் கேட்டு, எழுத்து மூலமாகவே பதில் வாங்குங்கள்.